நான் கொடுக்காத பந்து

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம்கூட ஒரு பிறந்தநாள் விருந்தில், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஒருவர் என்னை மடக்கி, மறு கையால் போனை நீட்டி அதைக் காட்டினார். மொத்தம் பத்து நொடி கூட இருக்காது. நான் இரண்டடி பின்னால் போகிறேன், கையை ஓங்குகிறேன், பந்து உயரே எழும்பிப் போய் மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருப்பவன் கையில் வந்து விழுகிறது. பின்னணியில் நம் ஆட்களின் விசில்.

"என்னா எறி தம்பி இது" என்றார். சிரித்து வைத்தேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எறி செல்லாது. அதற்குப் புள்ளி தரவில்லை. எங்கள் அணியின் அந்த வருடத்தை முடித்து வைத்ததும், ஒரு மனிதனின் கடைசி ஆசையில் மண் போட்டதும் அந்த எறிதான். ஆனால் இதை அவரிடம் சொல்வதற்கு முதலில் விளையாட்டைச் சொல்லித் தர வேண்டும். நான் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் அவர் பாயசம் எடுக்கப் போய்விட்டார்.

நான் ஆடுவது அமெரிக்க ஃபுட்பால். மெல்பேர்னில் இதைச் சொன்னாலே வம்பு. இந்த ஊர்க்காரர்களுக்கு ஃபுட்பால் என்றால் அவர்களுடைய ஃபுட்பால். நம்மவர்களுக்கு ரொனால்டோக்கள் ஆடும் ஃபுட்பால். "ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுவது" என்று விளக்கினால், "ஓ, ரக்பியா?" என்பார்கள். மதுரையிலிருந்து அப்பா போனில், "கபடி மாதிரியாடா?" என்று கேட்டார். நாலைந்து தடவை இல்லை என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

படிக்க வந்த புதிதில் பல்கலைக்கழக மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். எல்லைக்கோட்டிலிருந்து நான் எறிந்த பந்தைப் பார்த்த ஒருவன், பக்கத்து மைதானத்துக்கு இழுத்துப் போய் அந்த முட்டை வடிவப் பந்தைக் கையில் கொடுத்தான். அது என் கையிலிருந்து சுழன்று போன விதம் எனக்கே பிடித்துவிட்டது. வேலை கிடைத்து, கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்த பிறகும் அதை விடவில்லை. டாண்டினாங் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தேன். குவார்ட்டர்பேக் ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது அவன் கைக்குத்தான். அதை எறியலாம், அல்லது பக்கத்தில் ஓடி வருபவனிடம் கொடுக்கலாம். எறிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். கொடுத்தால் யாரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள். என் வியாதி இங்கேதான் தொடங்கியது.

முதல் இரண்டு வருடம் எங்களுக்கு உருப்படியாக ஓட ஆள் இல்லை. நான் எறிந்துகொண்டே இருந்தேன். நான் எறியத்தான் போகிறேன் என்று எதிரணிக்கும் தெரியும். அவர்களுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பந்து என் கைக்கு வந்ததும் நேராக என் மேல் பாய்ந்தார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும். என் கையில் குறை இருப்பதாக நினைத்து கையை மாற்றினேன், காலை மாற்றினேன், இரும்பு தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. தோற்றோம், மறுபடி தோற்றோம்.

மூன்றாவது வருடம் அவன் வந்தான். பக்கத்துப் புறநகரான நோபல் பார்க்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், என்னைவிட நாலு வயது மூத்தவன். அவனிருந்த கிளப் ஆள் இல்லாமல் மூடப்பட்டதால் எங்களிடம் வந்தான். குள்ளம். தொடை இரண்டும் தூண் மாதிரி. மரியாதைக்கு நான் அண்ணா என்றேன்.

"அண்ணா எண்டு கூப்பிட்டா நான் உன்னை ஏசேலாது. மச்சான் எண்டே சொல்லு" என்றான்.

முதல் நாள் பயிற்சியிலேயே ஏசினான். பந்தை அவனிடம் கொடுக்கும்போது நான் கொஞ்சம் நீட்டிக்கொண்டே நின்றுவிட்டேனாம், அவன் வந்து எடுத்துக்கொள்வான் என்று. "நான் பந்தைப் பாக்கமாட்டன் மச்சான். முன்னுக்கு எங்க வழி திறக்குது எண்டுதான் என்ர கண் பாக்கும். நீதான் கொண்டுவந்து வயித்துக்குள்ள வைக்கவேணும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அதுதான் அந்த விளையாட்டில் முறை. ஓடுபவன் ஒரு முழங்கையை மார்புக்கு நேரே தூக்கி, மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நடுவில் ஒரு கூடு மாதிரி வைத்துக்கொண்டு வருவான். கண் பந்து மேல் இருக்காது. பந்து வரும் என்பது நம்பிக்கை. அந்தக் கூட்டுக்குள் பந்தை வைப்பது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. அந்த வருடம் முழுக்க நூற்றுக்கணக்கான தடவை வைத்தேன். ஒரு தடவைகூட அவன் குனிந்து பார்த்ததில்லை.

அவன் ஓட ஆரம்பித்ததும் என் உலகமே மாறிவிட்டது. பெரிய ஓட்டம் ஒன்றும் இல்லை. மூன்று யார்டு, நாலு யார்டு, இரண்டு ஆட்களை முதுகில் சுமந்துகொண்டு இன்னும் ஒன்று. பத்து யார்டு கடக்க நாலு முயற்சி தருவார்கள். அவன் முதல் இரண்டில் ஏழெட்டு எடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் இரண்டோ மூன்றோதான். எதையும் செய்யலாம். அதைவிடப் பெரிய உபகாரம், எதிரணி அவனைப் பார்த்துப் பயந்ததுதான். அவனை நிறுத்துவதற்காக ஒவ்வொருவராக முன்னால் நெருங்கி வந்து நிற்பார்கள். த பேசின் என்ற புறநகரில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் அன்னதானம் என்றதும் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போய், சந்நிதி காலியாகிவிடுமே, அப்படி அவர்களின் பின்பக்கம் காலியாகிவிடும். அவனிடம் கொடுப்பதுபோல் ஒரு பாவனை காட்டினால் போதும், எல்லோரும் அவன் மேல் விழுவார்கள். நான் மெதுவாக நிமிர்ந்து, காலியாகக் கிடக்கும் இடத்தில் எறிவேன். என் கை அதே கைதான். அவன் வந்த பிறகு அதற்குத் திடீரென்று கெட்டிக்காரத்தனம் வந்துவிட்டது.

பாவனை காட்டப் போகிறோம் என்றால் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தால் அவன் வேறு மாதிரி வருவான். இடைவெளிக்குள் தலையைக் கொடுக்காமல், தோளைத் திருப்பி, என்னை நோக்கி வருபவனைத் தடுத்து நிற்பான். முழங்காலைக் காப்பாற்றிக்கொள்வான். அவனுடைய வலது முழங்கால் ஏற்கெனவே பழுது.

ஒரு நாள் பயிற்சி முடிந்து, காரின் பின்கதவைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தான். "டொக்டர் சொல்லிப்போட்டார். சீசன் முடிய ஒப்பரேஷன் செய்யவேணுமாம். அதுக்குப் பிறகு ஓடேலாது" என்றான். பதினோரு வருடமாக மூன்று கிளப்புகளில் ஆடியிருக்கிறான். ஒரு ஃபைனலில்கூட ஆடியதில்லை. "கப் ஒண்டும் வேண்டாம் மச்சான். ஃபைனல் எண்டு ஒருக்கா இறங்கிப்போட்டு வந்தாப் போதும். மனுசியிட்டையும் சொல்லிப்போட்டன், இந்த வருஷத்தோட சரி எண்டு."

"இறங்குவோம்" என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஒரு ஆட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுபவர், வாயைக் கட்டிப்போட மட்டும் தெரியாது. அன்று மழை, பந்து வழுக்கியது. நான் முக்கால்வாசி நேரம் அவனிடமே கொடுத்தேன், அவன் சேற்றில் உழுது எங்களை ஜெயிக்க வைத்தான். ஆட்டம் முடிந்ததும் செயலாளர் என் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிப்போனார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏன் எல்லாப் பந்தையும் அந்தத் தம்பிகிட்டயே குடுத்துட்டு சும்மா நிக்கிறீங்க? வந்தவங்க எல்லாம் உங்களப் பாக்கத்தானே வந்தோம்."

அந்த ஆட்டத்தில் சும்மா நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும், நம் வீட்டுப் பெரியவர்கள் பையனின் மார்க்கைக் கேட்டுவிட்டு ஆட்டும் தலையாட்டல். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த 'சும்மா' வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அரையிறுதிக்கு முந்தைய வாரம் சங்கத்தின் ஆண்டு விழா. என்னை மேடைக்கு அழைத்தார்கள். "நம் சமூகத்தின் ரக்பி வீரர்" என்று அறிவிப்பாளர் முழங்கினார். சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை எனக்குப் போர்த்தினார்கள். அவனும் மனைவியோடு ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. பந்து எறியாதவனை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நம் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து, அதற்கு உரியவர் என்று தான் நினைப்பவருக்குத் திரும்பப் போர்த்துவார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதைத்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. மைக் கையில் இருந்தது. கூப்பிட்டால் அவன் ஐந்தாறு எட்டில் வந்துவிடுவான். ஆனால் தோளில் அந்தத் துணி சுகமாக இருந்தது. கைத்தட்டல் இன்னும் ஓயவில்லை. அடுத்து குழந்தைகள் நடனம், நேரமாகிவிட்டது என்று அறிவிப்பாளர் கண் காட்டினார். அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். வெளியே வடை வரிசையில் அவன் என் முதுகில் தட்டி, "வடிவாய்த்தான் இருக்கு, கலியாண மாப்பிள்ளை மாதிரி" என்று கிண்டலடித்தான். அவன் மனதில் ஒன்றும் இல்லை. அது என்னை இன்னும் கேவலமாக உணரவைத்தது.

அரையிறுதி நாளில் சங்கத்து ஆட்கள் முப்பது பேர் வந்தார்கள். குடை, மடக்கு நாற்காலி, பெரிய டப்பாவில் புளியோதரை, எல்லாக் கையிலும் போன். "இன்னைக்கு ஒண்ணு எறிஞ்சு காட்டணும்" என்று செயலாளர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நாங்கள் நாலு புள்ளி பின்னால். அதுவரை எங்களைக் கொண்டுவந்தது அவன் கால்கள்தான். மூன்றாவது முயற்சி, கடக்க வேண்டியது இரண்டே யார்டு. கோச் ஓரத்திலிருந்து சைகை காட்டினார்: ஓட்டம், இடதுபக்கம். நான் எல்லோருக்கும் சொன்னேன். அவன் பல்லுறையைக் கடித்தபடி சிரித்தான். இரண்டு யார்டு அவனுக்கு ஒரு வேலையே இல்லை.

வரிசையில் நின்றபோது பார்த்தேன். எதிரணி முழுக்க அவனுக்காக நெருங்கி வந்து குவிந்திருந்தது. எங்கள் வலது ஓரத்து ஆளுக்குப் பின்னால் ஒரு ஈ காக்காய் இல்லை. இப்படியான நேரத்தில் திட்டத்தை மாற்ற கோச் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஒரு சொல்தான். உரக்கச் சொன்னால் பதினோரு பேருக்கும் தெரியும், ஓடவில்லை, எறிகிறோம் என்று. சொல்வதற்கு நேரம் இருந்தது.

நான் சொல்லவில்லை. எதிரணிக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன் என்றுதான் கோச்சிடம் சொன்னேன். அது பொய். போன்கள் எல்லாம் உயர்ந்திருந்ததைப் பார்த்தேன். என் எறி எனக்கு மட்டும் தெரிந்ததாக, யாரும் எனக்குச் செய்து தராததாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

பந்து வந்தது. அவன் வந்தான். கைகளைக் கூடாக வைத்துக்கொண்டு, கண்ணை இடது பக்கத்து இடைவெளியில் வைத்துக்கொண்டு. பந்தை அவன் வயிறு வரைக்கும் கொண்டுபோய், இழுத்துக்கொண்டேன். திரும்பினேன். எறிந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல எறி எறிந்ததில்லை. ஓரத்து ஆள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, திகைத்து, பிடித்து, கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடினான். கணக்குப்படி ஆறு புள்ளி. வேலிக்குப் பின்னால் முப்பது பேரும் துள்ளினார்கள். நானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சேற்றில் மஞ்சள் துணி கிடந்தது. விதிமீறல் என்று நடுவர் போட்டது. எறிவதென்றால் எங்கள் முன்வரிசையின் கனத்த ஆட்கள் முன்னேறிப் போகக் கூடாது. ஓட்டம் என்று நம்பி அவர்கள் அவனுக்கு வழிவெட்டிக்கொண்டு ஐந்தாறு யார்டு போயிருந்தார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு யார் சொன்னது? எறி செல்லாது, ஐந்து யார்டு பின்னால், மறுபடியும் மூன்றாவது முயற்சி.

திரும்பி வந்தபோது அவன் இன்னும் தரையில் இருந்தான். இரண்டு பேர் தோள்கொடுத்து அவனை வெளியே கொண்டுபோனார்கள். அவன் இல்லாத அடுத்த இரண்டு முயற்சிகளில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்ல எதுவும் இல்லை. யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை, எல்லோரும் நேராக என் மேல் வந்தார்கள். ஒன்றை அவசரத்தில் தரையில் எறிந்தேன். அடுத்ததில் பந்தோடு விழுந்தேன். முடிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. நடுவர் பாரபட்சம் காட்டிவிட்டார் என்று நம் ஆட்கள் கொதித்துப் போயிருந்தார்கள். "நம்ம பையன்னா இவங்களுக்கு ஆகாது" என்றார்கள். மறுவாரம் செயலாளர் ஒரு புகார்க் கடிதமே தயார் செய்து, என் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அங்கிள், நடுவர் சரியாத்தான் சொன்னார். தப்பு என்னோடது. நான் யார்கிட்டயும் சொல்லாம மாத்திட்டேன்" என்றேன்.

"பாத்தீங்களா, இந்தத் தன்னடக்கம்தான் நம்மகிட்ட பிரச்சன" என்றார்.

ஒரு பேப்பரில் இருபத்திரண்டு புள்ளி வைத்து, அம்பு போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, ஆனா பந்து போச்சா இல்லையா?" என்றார். கத்த வேண்டும்போல் இருந்தது. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதை ஒப்புக்கொள்ளக்கூட வழியில்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இம்சை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

எங்கள் கோச்சும் ஒவ்வொரு ஆட்டத்தையும் பின்கோட்டுப் பக்கமிருந்து ஆள் வைத்துப் படம் எடுப்பார். சங்கத்து வீடியோ பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது, அதில் அவன் இல்லை. கோச்சின் படத்தில் இருக்கிறான். அவன் கைகளை மூடுகிறான். உள்ளே ஒன்றும் இல்லை. அந்த வருடத்தில் முதல் தடவையாக அவன் குனிந்து பார்க்கிறான். அந்தக் கணத்தில்தான் இரண்டு பேர் வந்து மோதுகிறார்கள், ஒருவன் மேலே, ஒருவன் முழங்காலில். அதை நான் கோச்சின் லேப்டாப்பில் நாலு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை கோச் அதை மூடிவைத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து நோபல் பார்க்கில் அவன் வீட்டுக்குப் போனேன். அதுவரை போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் செய்தி அனுப்பினேன், நேரில் போகத் தைரியம் இல்லை. அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்கோ, அவர் முன்னுக்குத்தான் இருக்கிறார். தேத்தண்ணி குடிப்பீங்கள்தானே?" என்றுவிட்டுச் சமையலறைக்குப் போனார். அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி வைத்திருந்தான். முழங்காலைச் சுற்றிக் கறுப்புக் கட்டு. தூண் மாதிரி இருந்த தொடை ஒரு மாதத்தில் வற்றிப்போயிருந்தது.

ஒத்திகை பார்த்து வந்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவனிடம் விளையாட்டை விளக்க வேண்டிய தேவை இல்லை. அதனாலேயே சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கேட்டுக்கொண்டே இருந்தவன், "இடம் காலியாய்த்தான் இருந்தது மச்சான். நானும் பாத்தனான். நீ எறிஞ்சது பிழையில்லை" என்றான். கொஞ்ச நேரம் முழங்காலையே பார்த்தான். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் வேற மாதிரிப் போயிருப்பன். அடுத்த கிழமை ஃபைனலும் விளையாடியிருப்பம்."

பைக்குள்ளிருந்து பொன்னாடையை எடுத்தேன். சலவைக்குக் கொடுத்து மடித்து வாங்கி வந்திருந்தேன். அவனுக்குப் போர்த்தலாம் என்றுதான் கொண்டுபோனேன், ஆனால் போர்த்தும் தைரியம் அங்கே வரவில்லை. "இது அன்னைக்கே உனக்கு வந்திருக்கணும்" என்று சொல்லி, மடித்தபடியே நீட்டிக்கொண்டு குனிந்தேன்.

அவன் கைகள் தானாக எழுந்தன. ஒரு முழங்கை மார்புக்கு நேரே உயர்ந்தது, மறு கை வயிற்றுக்குக் கீழே விரிந்தது. கண் என் கையில் இல்லை, எனக்குப் பின்னால் எங்கோ இருந்தது. பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தான். மெதுவாக இரண்டையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"மேசையில வை மச்சான்" என்றான்.